வெண்டிக்காய்ப் பச்சைக் காரின் இரண்டாவது பிறேக்

மடுத்தீன் அந்தக் காரை வாங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவனுடைய மனைவி இம்மாகுலேற்றுக்கு அது தெரியவந்தது புதன்கிழமை காலை, அவள் வேலை செய்யும் இடத்தில்.

லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சின்னக் காப்புறுதி அலுவலகத்தில் அவள் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். மடுத்தீன் உள்ளே வந்து, வாசலில் இருந்த இயந்திரத்தில் இலக்கச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்தான். வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் இலக்கம் வந்த பிறகுதான் எழுந்து வந்து, ஒரு காரின் பதிவுப் பத்திரத்தை அவள் மேசையில் வைத்தான்.

"ஒரு காருக்கு அசுரான்ஸ் போடோணும்," என்றான்.

"ஆற்றை கார்?"

"எங்கடை."

இம்மாகுலேற் பத்திரத்தை வாசித்தாள். அமெரிக்காவில் செய்த கார். 1967ஆம் ஆண்டு. தன்னைவிட ஆறு வயது மூத்தது. நீளம் ஐந்து மீற்றர் நாற்பது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தாள். நீளம் மாறவில்லை.

"இதிலை எயார்பேக் இருக்கோ?"

"இம்மா, அந்த நேரம் எயார்பேக்கே இல்லை."

"எத்தினைக்கு வேண்டினீங்கள்?"

அவன் பின்னால் காத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்கள். "வீட்டிலை கதைப்பம்," என்றான்.

"வீட்டிலை கதைக்கிறதெண்டால் வீட்டிலை கதைச்சிருக்கலாம். இது ஒபிசு. விலை தெரியாமல் நான் பத்திரம் போடேலாது."

"பதினேழாயிரத்து ஐந்நூறு."

வரிசையில் இருந்த ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். இம்மாகுலேற் கணினியில் தட்டத் தொடங்கினாள். அவள் கோபப்படும்போது மிக வேகமாகத் தட்டுவாள். அன்று அந்தப் பத்திரம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மடுத்தீனுக்குத் தொழில், கலியாணங்களுக்குக் கார் ஓடுவது. ஒன்பது வருடமாக ஒரு வெள்ளைக் காரை வைத்துப் பிழைத்தான். போன வருடம், கூரைக்குள் நட்சத்திரம் மின்னும் ஒரு நீளமான காரை வேறொருவர் கொண்டுவந்து இறக்க, மடுத்தீனின் தொலைபேசி அடிப்பது நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் ரூவான் நகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ஓய்வு பெற்ற பெர்னார் என்ற மருந்துக்கடைக்காரர் இந்தக் காரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனான். பெர்னார் கேட்டது பத்தொன்பதாயிரம். மடுத்தீன் விலை பேசவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு காரைச் சுற்றி நடந்தான். ஒரு சுற்றுக்கு நேரம் எடுத்தது. இரண்டாவது சுற்றில் பெர்னாரின் மனைவி வெளியே வந்து, கராஜ் காலியானால் தான் அங்கே மேசைப்பந்து மேசை போடப்போவதாகச் சொல்ல, பெர்னார் தானாகவே ஆயிரத்து ஐந்நூறைக் குறைத்துவிட்டார்.

நிறம் வெண்டிக்காய்ப் பச்சை. முன்னுக்கு வெள்ளிப் பல்வரிசை. முன் இருக்கையும் பின் இருக்கையும் சோபா போல ஒரே நீட்டு. ஒபர்வில்லியேயில் ஒரு களஞ்சியத்துக்குள் இரண்டு கார் நிற்கும் இடத்தை வாடகைக்கு எடுத்து அதை நிறுத்தினான். அப்படியும் பின்பக்கம் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முதல் ஓட்டம் மூன்றாம் வாரமே வந்தது. மணமகள் தாட்சாயினி, ஒரு மருந்துச்சாலையில் வேலை செய்பவள், காரின் படத்தைப் பார்த்தவுடன் இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மடுத்தீன் மகிழ்ந்துபோனான். பிறகு, மணமகளின் தகப்பன் யார் என்று கேட்டான். தகப்பனின் பெயர் இரத்தினம் என்றதும் மகிழ்ச்சி பாதியாகிவிட்டது.

இரத்தினம் கார் ஓடப் பழக்கும் பள்ளிக்கூடம் வைத்திருப்பவர். லா சப்பலில் ஸ்டியரிங் பிடிக்கும் தமிழர்களில் பாதிப்பேர் அவரிடம் பழகியவர்கள். மடுத்தீனும் அவரிடம்தான் பழகினான். நான்காம் தரம்தான் சோதனை பாஸ் பண்ணினான். அது நடந்து இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் தெருவில் கண்டால், "வணக்கம்" சொல்ல முதல், "கண்ணாடி பாத்தனியோ?" என்றுதான் இரத்தினம் கேட்பார்.

அவர் ஒரு சனிக்கிழமை காலை, அட்டையில் தாள் செருகிக்கொண்டு ஒபர்வில்லியேக்கு வந்தார். காருக்குக் கிட்டப் போகாமல் தூர நின்றே முதலில் கேட்டார்.

"வாடகை என்ன சொல்லுறாய்?"

"அறுநூறு அண்ணை. ஒரு நாள் முழுக்க."

"சரி. பாப்பம்."

கதவைத் திறந்தார். அது போய்ப் பக்கத்தில் நின்ற வான் வண்டியில் இடித்தது. உள்ளே குனிந்து, சீற்றைத் தடவி, எதையோ தேடினார்.

"தோளுக்குப் போடுற பெல்ற் எங்கை?"

"இடுப்புக்கு மட்டும்தான் அண்ணை. அந்தக் காலத்துக் கார்."

"முப்பது யூரோ கழி," என்று சொல்லி அட்டையில் எழுதினார். "சீற்றிலை தலை சாய்க்கிறது?"

"இல்லை."

"அதுக்கொரு முப்பது. எயார்பேக் இல்லை, அம்பது. சறுக்காமல் பிடிக்கிற பிறேக் இல்லை, நாப்பது. எல்லாம் நூற்றம்பது. நானூற்றம்பது தாறன்."

இப்படி ஒரு விலை பேசலை மடுத்தீன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. மற்றவர்கள், "மச்சான், கொஞ்சம் பாத்துச் சொல்லு," என்பார்கள். அவ்வளவுதான். அவன் யோசித்தான். பிறகு, டாஷ்போட்டில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய தாளை எடுத்தான். 1967இல் அந்தக் காரை முதன்முதலில் வாங்கிய அமெரிக்கருக்கு அங்கத்தைய விற்பனையாளர் எழுதிக்கொடுத்த விலைத் தாள் அது. பெர்னார் அதைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"அண்ணை, இல்லாததை மட்டும் சொன்னால் எப்பிடி? இருக்கிறதையும் பாருங்கோ. பிறேக் எண்ணெய் ரண்டு வழியாலை போகுது. ஒண்டு வெடிச்சாலும் மற்றது பிடிக்கும். அந்த வருசம்தான் புதுசாய் வந்தது. அதுக்கு முப்பது கூட்டுங்கோ."

இரத்தினம் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வரும். "ம்," என்று முனகிக்கொண்டு எழுதினார்.

"முன்னாலை இடிபட்டால் ஸ்டியரிங் கம்பு நெஞ்சிலை குத்தாமல் மடங்கும். அதுக்கும் முப்பது. டாஷ்போட்டுக்கு மெத்தை வைச்சிருக்கு. இருபது. நாலு பக்க லைற்றும் ஒண்டாய் மின்னும். பத்து."

"தொண்ணூறு," என்றார் இரத்தினம். "ஐந்நூற்று நாப்பது." ஆனால் அவர் கண் தாளின் கீழ்ப்பகுதியிலேயே நின்றுவிட்டது. அவர் முகம் மாறியது.

"மடுத்தீன், இதை வாசிச்சனியோ?"

"இல்லை அண்ணை. எனக்கு இங்கிலிஷ் அவ்வளவு ஓடாது."

"அந்த நேரம் தலை சாய்க்கிறது தனியாய் விலை போட்டு வித்திருக்கிறாங்கள். அம்பத்திரண்டு டொலர். இந்த மனிசன் அது வேண்டேல்லை. தோள் பெல்ற் இருபத்திமூண்டு டொலர். வேண்டேல்லை. முன்சில்லுக்கு நல்ல பிறேக் எழுபத்தொன்பது டொலர். அதுவும் வேண்டேல்லை. என்ன வேண்டியிருக்கிறான் தெரியுமோ? பின் சீற்றுக்கு இன்னொரு றேடியோப் பெட்டி. கூரைக்குத் தோல். பிறகு ஒரு மணிக்கூடு."

"மணிக்கூடு இப்ப ஓடுறதில்லை அண்ணை."

"தன்ரை தலைக்கு அம்பத்திரண்டு டொலர் குடுக்க மனமில்லாதவன், மணிக்கூட்டுக்குக் குடுத்திருக்கிறான்." ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முன்னர் வேறொரு நாட்டில் கார் வாங்கிய ஒரு மனிதன்மேல் இரத்தினத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று மடுத்தீன் நினைத்தான். ஆனால் மகள் இதைத்தான் கேட்டாள். மகள் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாதவர் அவர். வேறொன்றில் வந்து நின்றார்.

"நான் முன்னுக்குத்தான் இருப்பன், உன்ரை வலப்பக்கம். இருபத்தாறு வருசமாய் நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறன். காலுக்குக் கீழை, பழக்கிற ஆளுக்கெண்டு இருக்கிற பிறேக் இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. பஸ்சிலை போகேக்கையும் எனக்கு நிம்மதி இல்லை. என்ரை பக்கம் ஒரு பெடல் வேணும். அதுக்கு நாப்பது கூட்டித் தாறன்."

"கார் பழுதாப்போம் அண்ணை. அப்பிடிப் பூட்டுறது லேசில்லை."

"அப்ப நாங்கள் அந்த நட்சத்திரக் காரைப் பாக்கிறம்."

அன்றைக்குப் பின்னேரம் மடுத்தீன், களஞ்சியத்துக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் சாருஜனிடம் போனான். இரண்டாவது பிறேக் பூட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டான். சாருஜன் காருக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, ஒரு தொகை சொன்னான். அது கலியாண வாடகையைப் போல மூன்று மடங்கு.

"வேலை செய்யாட்டில்?" என்று கேட்டான் மடுத்தீன்.

"என்ன வேலை செய்யாட்டில்?"

"பெடல். இருக்கும். ஆனால் வேலை செய்யாது. அப்ப எவ்வளவு?"

சாருஜன் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்தான். "ஒரு கோப்பி வேண்டித் தா," என்றான்.

கழித்துப்போட்ட ஒரு வான் வண்டியிலிருந்து பெடலை வெட்டி எடுத்தான். அதை இரும்புத் தகட்டில் ஒட்டி, முன்தளத்தில் இரண்டு புரியாணிகளைத் திருகி இறுக்கினான். மிதித்தால் உண்மை போல எதிர்த்துத் தள்ளவேண்டும் என்பதற்காக, பழைய கதவு ஒன்றின் சுருளை உள்ளே வைத்தான். மிதிக்கும்போது அது "கிறீச்" என்றது. எண்ணெய் விடட்டா என்று சாருஜன் கேட்டான். வேண்டாம் என்றான் மடுத்தீன். சத்தம் கேட்டால், இரத்தினம் எப்போது மிதிக்கிறார் என்று தனக்குத் தெரியும். உடனே தானும் மிதித்துவிடலாம். அவர் மிதித்தால் கார் நிற்கும். நின்றால் அவருக்கு என்ன குறை?

இரத்தினத்துக்குத் தொலைபேசியில், "அண்ணை, உங்கடை பக்கமும் ஒரு பெடல் பூட்டியிருக்கு," என்று மட்டும் சொன்னான். பொய் சொல்லக்கூடாது என்பதில் அவன் கவனமாக இருந்தான்.

இம்மாகுலேற்றிடம் மறைக்க முடியவில்லை. அவள் வந்து பார்த்தாள். மிதித்தும் பார்த்தாள்.

"இது ஏமாத்து," என்றாள்.

"நான் பெடல் எண்டுதான் சொன்னனான். பிறேக் எண்டு சொல்லேல்லை."

"அங்கை மேலையும் இப்பிடித்தான் சொல்லப்போறீங்களோ?" என்று அவள் கூரையைக் காட்டினாள். பிறகு, "உண்மையான பிறேக்கை ஆர் பாத்தது?" என்று கேட்டாள்.

அவள் விடவில்லை. சாருஜனைக் கூப்பிட்டு நான்கு சில்லுக்கும் பிறேக்குக் கட்டைகளை மாற்றவைத்தாள். எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் புதிது. பின் சீற்றில் மெத்தைக்குக் கீழே புதைந்து கிடந்த இடுப்புப் பெல்ற்றுகளை அவளே கையை விட்டு இழுத்து எடுத்தாள். கூடவே ஒரு சீப்பும், 1971ஆம் ஆண்டுச் சில்லறைக் காசும் வந்தன. எல்லாச் செலவும் போக, வாடகையில் அவர்களுக்கு மிஞ்சப்போவது பதினோரு யூரோ.

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் காலை பத்து நாற்பத்திரண்டுக்கு, ஓல்னே-சூ-புவாவில் ஒரு மண்டபத்தில். தாட்சாயினி ரூ பிலிப்-து-ஜிராரில் உள்ள அலங்காரக் கடையிலிருந்து வெளியே வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மரக்கறிக் கடைக்கு வந்த லொறி ஒன்று பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. மடுத்தீன் நான்கு லைற்றையும் மின்னவிட்டு, அதைப் பெருமையோடு பார்த்தான்.

பின் சீற்றில் தாட்சாயினியும், அவளுடைய தாய் துஷ்யந்தியும் ஏறினார்கள். துஷ்யந்தியின் மடியில் தாம்பாளம். அதில் பழங்களும் வெற்றிலையும், மஞ்சள் பூசிய ஒரு தேங்காயும். இரத்தினம் பட்டு வேட்டி சால்வையோடு முன்னால் உட்கார்ந்தார். முதல் வேலையாகப் பெல்ற்றைப் போட்டார். பிறகு திரும்பி, பின்னால் இருந்தவர்களின் பெல்ற்றைப் பார்த்தார்.

"அப்பா, சீலை கசங்கும்," என்றாள் தாட்சாயினி.

"கசங்கினாலும் போடு."

பிறகு வலக்காலை முன்னால் நீட்டிப் பெடலைத் தேடி, மெதுவாக மிதித்துப் பார்த்தார். கிறீச். அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது. "நல்ல இறுக்கமாய் இருக்கு," என்றார்.

முதல் சந்தியிலேயே அவர் மிதித்தார். கிறீச். மடுத்தீன் உடனே மிதித்தான். கார் பணிவாக நின்றது. நடக்கும் பாதையில் ஒருவரும் இல்லை. ஆனால் யாராவது வரலாம் என்று இரத்தினம் நினைத்திருந்தார். அடுத்தது ஒரு புறா. அதற்கு அடுத்தது ஒரு பச்சை லைற். "மஞ்சள் வரப்போகுது," என்றார். மடுத்தீன் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினான். ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஒரு மிதி. இரண்டு கால்களும் ஒன்றையொன்று தெரிந்தவை போல வேலை செய்தன. பத்து நிமிடத்தில் நானூறு மீற்றர் போயிருந்தார்கள்.

"மடுத்தீன், வலு திறமான பிறேக்," என்றார் இரத்தினம். "என்ரை பள்ளிக்கூடத்துக் காரிலையும் இப்பிடிப் பிடிக்காது. தொட்டவுடனை நிக்குது."

"ஓம் அண்ணை."

அந்த நேரம் பார்த்துத் தாட்சாயினி, தன் தோழிகள் அனுப்பிய பாட்டு ஒன்றைத் தொலைபேசியில் போட்டாள். மேளம் காருக்குள் நிறைந்தது. மடுத்தீனுக்குக் கிறீச் கேட்கவில்லை. இரத்தினத்தின் கால் இறங்கியதை அவன் தற்செயலாகத்தான் கண்டான். ஒரு கணம் பிந்தி மிதித்தான்.

"என்ன, இப்ப கொஞ்சம் இழுத்தெல்லோ பிடிக்குது?" என்றார் இரத்தினம்.

"சூடாகியிருக்கும் அண்ணை."

இனிக் காதை நம்பேலாது என்று மடுத்தீனுக்கு விளங்கியது. ஆகவே அவன் ரோட்டை ஒரு கண்ணாலும், இரத்தினத்தின் செருப்பை ஒரு கண்ணாலும் பார்த்து ஓடத் தொடங்கினான். பிறகு, தான் அறியாமலே, செருப்பைக் கூடுதலாகவும் ரோட்டைக் குறைவாகவும் பார்த்தான். மார்க்ஸ் தொர்முவா மெத்ரோவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது முழுக்கவே செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

செருப்பு திடீரென்று தளம் வரை இறங்கியது.

மடுத்தீன் ஏன் என்று பார்க்கவில்லை. முழுப்பலத்தோடு மிதித்தான். இரண்டு தொன் இரும்பும் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு பெருமூச்சோடு நின்றது. பெல்ற்றுகள் நான்கு இடுப்பையும் பிடித்தன. வாழைப்பழங்கள் முன்னால் வந்தன. தேங்காய் துஷ்யந்தியின் மடியிலிருந்து கிளம்பி, இரண்டு ஆண்களின் தலைகளுக்கும் நடுவால் பறந்து, டாஷ்போட்டின் மெத்தையில் தொப்பென்று பட்டுத் திரும்பி, மடுத்தீனின் மடியில் வந்து உட்கார்ந்தது.

மடுத்தீன் நிமிர்ந்து பார்த்தான். காரின் வெள்ளிப் பல்வரிசைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி ஒரு மெத்தை நின்றது. இரட்டைக் கட்டிலுக்குப் போடும் பெரிய மெத்தை. அதற்குக் கீழே நான்கு கால்கள் தெரிந்தன. முகம் மறைய அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பார்க்காமல் குறுக்கே போன இரண்டு பேர், கார் நின்றதுகூடத் தெரியாமல் தொடர்ந்து நடந்துபோனார்கள்.

தாட்சாயினி பாட்டை நிற்பாட்டினாள்.

"தேங்காய் உடைஞ்சிட்டோ?" என்று துஷ்யந்தி மெல்லிய குரலில் கேட்டாள்.

மடுத்தீன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "கீறல்கூட இல்லை அக்கா."

"உடையாதது நல்ல சகுனமோ, கூடாத சகுனமோ?"

இரத்தினம் டாஷ்போட்டை விரலால் அமத்திப் பார்த்தார். "மெத்தை வேலை செய்யுது," என்றார். "இருபது யூரோவுக்குக் குறையில்லை." பிறகு தன் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இல்லாட்டில் இண்டைக்கு என்ன நடந்திருக்கும்?" என்று மனைவியிடம் கேட்டார். மடுத்தீன் தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதாவை நினைத்துக்கொண்டு மறுபடியும் காரை எடுத்தான். நெடுஞ்சாலையில் எழுபதைத் தாண்டவில்லை. லொறிகள் எல்லாம் அவர்களை முந்திப் போயின. தேரைப் பார்ப்பதுபோல டிறைவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பத்து இருபதுக்கு மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரவேற்க வெளியே வர இன்னும் சில நிமிடம் இருந்தது. பெண்கள் தாட்சாயினியின் சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். இரத்தினம் காரை விட்டுப் போகவில்லை.

"மடுத்தீன், கம்பி எந்தப் பக்கத்தாலை இழுத்திருக்கிறாய்? நானும் என்ரை காருகளுக்கு இப்பிடியே செய்விக்கப்போறன்."

"பிறகு காட்டுறன் அண்ணை. உங்களை உள்ளை தேடுவினம்."

"ஒரு நிமிசம்தான்."

மடுத்தீன் தடுக்க முதல் அவர் சால்வையைக் கழற்றிக் கார்க் கூரையில் வைத்தார். தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, நிலத்தில் மல்லாந்து படுத்துக் காருக்குக் கீழே போய்விட்டார். அதே நேரம் நாதஸ்வரம் தொடங்கியது. மண்டபக் கதவு திறந்தது. மாப்பிள்ளை சேந்தனின் தாய், பன்னீர்ச் செம்போடு முன்னால் வந்தவர், பச்சைக் காருக்குக் கீழேயிருந்து பட்டு வேட்டியும் இரண்டு கால்களும் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். மேளகாரர் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஆர் இது? மெக்கானிக்கோ?" என்று கேட்டார் சேந்தனின் தாய்.

"அப்பா," என்றாள் தாட்சாயினி.

கால்கள் அசையவில்லை. பிறகு, கீழேயிருந்து குரல் வந்தது.

"மடுத்தீன்."

"ஓம் அண்ணை."

"இஞ்சை ரண்டு புரியாணிதான் இருக்கு."

"ஓம் அண்ணை."

"கம்பி எங்கை?"

மடுத்தீன் குந்தியிருந்து, காருக்குக் கீழே எட்டிப் பார்த்துச் சொன்னான். "கம்பி இல்லை அண்ணை."

"அப்ப நான் மிதிக்கேக்கை ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான்."

பன்னீர்ச் செம்பு பிடித்தவரின் கை நோகத் தொடங்கியிருந்தது. இரத்தினம் நெளிந்து நெளிந்து வெளியே வந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் கிறீஸ் பொட்டு ஒன்றும் இருந்தது. அவர் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிக்கோணும். ஒரு சின்னப் பரிசோதனை," என்றார். அவர்கள் பன்னீர் தெளித்தார்கள். இரத்தினம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மடுத்தீனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மடுத்தீன் தாலி கட்டுவதைக் கடைசி வரிசையில் நின்று பார்த்தான். பஸ்ஸில் வந்து சேர்ந்த இம்மாகுலேற் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். மெத்தைக் கதையை அவளிடம் சொன்னான். ரோட்டைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்து ஓடியதையும் மறைக்காமல் சொன்னான். அவள் அவன் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, அதே கையில் கிள்ளினாள்.

பந்தியில் இரத்தினம் தானாகவே அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நாப்பது யூரோ கழிப்பன்," என்றார்.

"கழியுங்கோ அண்ணை. நான் செய்தது பிழை."

"பிழைதான்." அவர் பருப்பைச் சோற்றோடு குழைத்தார். "ஆனால் ஒண்டு கேக்கோணும். நான் முப்பத்தொரு தரம் மிதிச்சனான். எண்ணினனான். அதிலை எத்தினை தரம் நீயாகவே மிதிச்சிருப்பாய்?"

மடுத்தீன் யோசித்தான். "ரண்டு தரம்."

"மெத்தைக்கு?"

"இல்லை. மெத்தையை நான் காணேல்லை. உங்கடை காலைத்தான் கண்டனான்."

இரத்தினம் இம்மாகுலேற்றைப் பார்த்தார். "தங்கச்சி, நீர் அசுரான்சிலை இருக்கிறீர். நீர் சொல்லும். அது பிறேக்கோ, இல்லையோ?"

இம்மாகுலேற் அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னாள். "அது பிறேக் இல்லை அண்ணை. ஆனால் இண்டைக்குக் காரிலை இருந்த பிறேக்குகளிலை உங்கடை கால்தான் திறம். இந்த மனிசன் வெறும் கம்பி."

இரத்தினம் இதை மென்று பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. தன்னைப் பற்றி ஒரு காப்புறுதிக்காரி சொன்ன இந்த வார்த்தையை அவர் பின்னேரத்துக்குள் பதினைந்து பேருக்காவது சொல்லிவிட்டார். ஐந்நூற்று நாற்பதையும் ஒரு உறையில் போட்டு மடுத்தீனிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, இந்தக் காரைத் தான் ஒருதரம் ஓடிப் பார்க்கவேண்டும் என்றார். அதைக் கேட்க அவர் வெட்கப்பட்டதை மடுத்தீன் கண்டான்.

"போன கிழமையே உங்களையும் அசுரான்ஸ் பத்திரத்திலை ஓடுற ஆளாய் எழுதித்தான் விட்டிருக்கு," என்றாள் இம்மாகுலேற். "இவர் இடையிலை மயங்கி விழுந்தால் ஆர் ஓடுறது எண்டு யோசிச்சனான்."

ஆகவே மணமக்களை மண்டபத்திலிருந்து சேந்தனின் வீட்டுக்கு, இரண்டு கிலோமீற்றர் தூரம், இரத்தினமே ஏற்றிப்போனார். அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கை அவர் ஒரு விரலால் சுற்றினார். மற்றக் கையை யன்னலில் போட்டார். யாரையும் அப்படி ஓட அவர் விட்டதில்லை. ஒரு சந்தியில் கண்ணாடி பார்க்கவும் மறந்துபோனார். வலப்பக்கம் இருந்த மடுத்தீன் அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான்.

வீட்டு வாசலில் மணமக்களை இறக்கிவிட்ட பிறகு, காரை நிறுத்த இடம் தேடினார்கள். பக்கத்து வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. சேந்தனின் மாமன்மார் ஐந்து பேர், முன்னும் பின்னும் நின்று ஐந்து விதமாகக் கை காட்டினார்கள். இரத்தினம் ஐவரையும் கவனிக்காமல், ஒரே தடவையில், இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளி விட்டு, கோடு கீறியதுபோலக் காரை உள்ளே விட்டார். மாமன்மார் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் கதவு திறக்க இடமில்லை என்பது தெரிந்தது.

"பின்னுக்கு எடுப்பம் அண்ணை," என்றான் மடுத்தீன்.

பின்னால் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வான் அதற்குள் வந்து ஒட்டி நின்றுவிட்டது. அதன் டிறைவர் ஆரத்தி பார்க்க உள்ளே போயிருந்தார்.

இருவரும் நீட்டுச் சீற்றில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் சிரிப்பதும் யாரோ பாடத் தொடங்குவதும் கேட்டது. சிறிது நேரத்தில் துஷ்யந்தி அவர்களைத் தேடி வந்தாள். மதிலுக்கு மேலால் கையை மட்டும் நீட்டி, யன்னலால் இரண்டு கிண்ணம் பாயசம் கொடுத்தாள். கரண்டி எடுத்து வர மறந்துவிட்டாள். இரத்தினம் கிண்ணத்தை வாயில் வைத்துக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.